லினக்ஸ் 6.0: எண் மாறியதற்குக் காரணம் வேறு

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 6.0 பதிப்பைப் பற்றி, "6.0 என்பது கெர்னலை ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியில் அடியோடு திருப்பி எழுதியது, பழைய புரோகிராம் எதுவும் ஓடாது" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. புதிதாக லினக்ஸுக்கு வருபவர்கள் இதை நம்பிப் பயந்துவிடுவார்கள்.

5.19-க்கு அடுத்து வந்ததுதான் 6.0, அவ்வளவுதான். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் இருபதை நெருங்கினாலே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் முன் எண்ணை மாற்றிவிடுவார். 3.19-க்குப் பிறகு 4.0, 4.20-க்குப் பிறகு 5.0. 2011-ல் 2.6.39 முடிந்து 3.0 வந்தபோதும் பெரிய மாற்றம் ஏதுமில்லை என்று அவரே அறிவிப்பில் எழுதினார். ரஸ்ட்டுக்கான அடிப்படை ஏற்பாடு சேர்ந்தது 2022 டிசம்பரில் வந்த 6.1-ல், அதுவும் ஆரம்பக்கட்டம்தான், கெர்னலில் பெரும்பகுதி இன்றும் சி மொழிதான்.

பழைய புரோகிராம்களை உடைக்கக்கூடாது என்பதில் கெர்னல்காரர்கள் மிகக் கறார். கெர்னலுக்கு வெளியே தனியாக நிறுவும் டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்), உதாரணமாக என்விடியாவின் கிராபிக்ஸ் டிரைவர், புதுக் கெர்னலுக்கு மறுபடி கம்பைல் ஆக (மூல நிரலிலிருந்து இயங்கும் வடிவத்துக்கு மாற) வேண்டும், சில சமயம் அதில் சிக்கலும் வரும். ஆனால் அது 5.18-லிருந்து 5.19-க்குப் போனாலும் உள்ள கதைதான். பயமாக இருந்தால் பழைய கெர்னலை அழிக்காமல் வையுங்கள், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து பூட் செய்துகொள்ளலாம்.