தூக்குத் தண்டனைக்குப் பட்ஜெட் தேவையில்லை

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்தான் போக்சோ. அதில் ஒரு வழக்கு டிவியில் ஓட ஆரம்பித்தால் இரண்டு நாளைக்கு என் டைம்லைன் முழுக்க ஒரே பேச்சுதான். நடுரோட்டில் நிறுத்திச் சுடணும். அரபு நாட்டுச் சட்டம் வரணும். தூக்கில் போடணும். எழுதுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள், வீட்டில் குழந்தை வைத்திருப்பவர்கள். கோபம் நியாயம்தான், அதைத் தப்பு சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் வேறு செய்தி வந்துவிடும். அந்தக் குழந்தைக்கு அப்போதுதான் எல்லாமே ஆரம்பிக்கும்.

தூக்கு ஏற்கனவே சட்டத்தில் இருக்கிறது என்பது இப்படி எழுதுகிற பாதிப் பேருக்குத் தெரியாது. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்தது. 2019-இல் அதைத் திருத்தி, மிகக் கொடிய வகைக் குற்றத்துக்குக் குறைந்தபட்சம் 20 ஆண்டு, அதிகபட்சம் மரண தண்டனை என்று ஆக்கிவிட்டார்கள். 2025 ஜனவரியில் நம் தமிழ்நாடு சட்டமன்றமும் பெண்கள் மீதான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி மசோதா நிறைவேற்றியது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் முதலில் செய்வது இதுதான். ஏனென்றால் இதற்குக் காசு தேவையில்லை. குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடும். ஒரு மாவட்டத்துக்கு நாலு உளவியல் ஆலோசகர்களை நிரந்தரமாகப் போடுவதென்றால் சம்பளம் ஒதுக்கணும், ரூம் கொடுக்கணும், ஜீப்புக்கு டீசல் போடணும்.

நான் போக்சோ வழக்குகளில் ஆதரவு நபராகப் போகிறவள். இந்தப் பெயரே பலருக்குப் புதிதாக இருக்கும். 2020 போக்சோ விதிகளின்படி, வழக்கு முடியும்வரை குழந்தையோடு கூடவே இருக்க ஒருவரை, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளுக்காக மாவட்டத்தில் இருக்கும் குழந்தைகள் நலக்குழு நியமிக்கலாம். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் எல்லா இடத்துக்கும் கூடப் போகணும். அடுத்த வாய்தா எப்போது, இழப்பீட்டு மனு எந்த மேஜையில் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லணும். இதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. நான் பார்த்தவரை, இப்படி ஒரு ஆள் கிடைப்பார் என்பதே தெரியாமல்தான் நிறையக் குடும்பங்கள் கோர்ட் படி ஏறி இறங்குகின்றன.

சட்டப் புத்தகத்தை மட்டும் படித்தால் மனசு நிறைந்துவிடும், அவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறார்கள். வாக்குமூலம் வாங்கக் குழந்தையின் வீட்டுக்கோ, அது விரும்பும் இடத்துக்கோ போலீஸ்தான் போகணும். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல். ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்குள் நலக்குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் போகணும். நீதிமன்றம் வழக்கை எடுத்து 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியம், கூடியவரை ஓராண்டில் தீர்ப்பு. குழந்தையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. வக்கீல்கள் நேரடியாகக் கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகத்தான் கேட்கணும். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது.

இப்போது நடப்பதைப் பாருங்கள். குழந்தை முதலில் அம்மாவிடம் சொல்லும். அம்மா நம்பினால் (இந்த 'நம்பினால்' என்பதே பெரிய விஷயம்) அப்பாவிடம், இல்லையென்றால் அத்தையிடமோ சித்தியிடமோ இன்னொரு தடவை சொல்லணும். அப்புறம் ஸ்டேஷனில் ரைட்டரம்மாவிடம், இன்ஸ்பெக்டரிடம். அப்புறம் ஜிஹெச்சில் டாக்டரிடம். மாஜிஸ்திரேட்டிடம். நலக்குழுவிடம். எல்லாம் முடிந்து, அது கொஞ்சம் மறந்து தூங்க ஆரம்பித்த பிறகு, ஒன்றரை வருஷம் இரண்டு வருஷம் கழித்துக் கோர்ட்டில் மறுபடி முதலிலிருந்து. ஒன்பது வயதில் நடந்ததைப் பதினொரு வயதில் கிழமை மாறாமல் சொல்லணும். "போலீஸில் சனிக்கிழமை என்று சொல்லியிருக்கிறாய், இங்கே ஞாயிற்றுக்கிழமை என்கிறாயே?" என்று கேட்பார்கள். போன வாரம் சனிக்கிழமை என்ன சாப்பிட்டோம் என்று நம்மால் சொல்ல முடியுமா?

நம் ஊரில் போக்சோ புகார் பெரும்பாலும் போவது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் திறந்தபோது அது பெரிய விஷயம், பெண்கள் பயமில்லாமல் படியேற ஒரு இடம் கிடைத்தது. ஆனால் அங்கே தினமும் நடப்பது குடும்பத் தகராறு. இரண்டு தரப்பையும் வரச்சொல்லி, பெஞ்சில் உட்கார வைத்து, அதட்டி, சமாதானம் பேசி, எழுதி வாங்கி அனுப்புவது. புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு அது சில நேரம் உதவவும் செய்யும். அதே மேஜைக்குத்தான் போக்சோ புகாரும் வருகிறது. பழக்கதோஷத்தில் இதற்கும் "அந்தப் பார்ட்டியையும் வரச்சொல்லுங்க, பேசிப் பார்ப்போம்" என்கிறார்கள். ஒரு குழந்தையைத் தொட்டதில் என்ன இரண்டு தரப்பு?

2024-இல் சென்னை அண்ணாநகரில் பத்து வயதுச் சிறுமியின் வழக்கில், புகார் கொடுக்கப் போன பெற்றோரையே ஸ்டேஷனில் அடித்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. சிறுமி பேசிய பதிவு வெளியே பரவியது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்து சிபிஐக்கு மாற்றியது, உச்ச நீதிமன்றம் அதற்குப் பதிலாகச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது, 2025 ஜனவரியில் அந்த மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டரே கைதானார். அந்த வழக்கு ஊடகத்தில் வந்தது, அதனால் உங்களுக்குத் தெரிகிறது. வராததெல்லாம் 'பேசிப் பார்ப்போம்' என்பதோடு முடிந்துவிடும்.

போலீஸ்காரம்மாக்கள் மேல் மட்டும் பழி போட மாட்டேன். காலையில் போக்சோ, மதியம் காணாமல் போன பெண், சாயங்காலம் மந்திரி வருகைக்குப் பந்தோபஸ்து என்று ஓடுகிறவர்கள். இன்னொன்றும் சொல்லணும், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. அவர்கள் மேஜையில் கிடக்கும் போக்சோ ஃபைல்களில் கணிசமானவை பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் காதலித்து ஓடிப்போனவை. பெண் வீட்டார் சாதி கௌரவத்துக்குக் கொடுக்கும் புகார். 2021-இல் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், இளம் வயதுக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று விளக்கமாகவே சொன்னது. இருந்தும் ஆறு வயதுக் குழந்தையின் வழக்கும் இந்த வழக்கும் ஒரே க்யூவில்தான் நிற்கின்றன.

சரி, தூக்கு விஷயத்துக்கு வருகிறேன். நான் போன ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் பெரியப்பா. (ஊர், வயது, தொழில் எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பார்த்தால், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆள் தெரிந்தவர்தான். கோர்ட் வராந்தாவில் குழந்தையின் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஏம்மா, அவன் பண்ணுனது பாவந்தான், இல்லைங்கல. அதுக்காக எம்புள்ளையத் தூக்குல போடுங்கன்னு எம்பேத்தி வாயாலயே சொல்ல வைப்பீங்களா?"

பெரியப்பா மேல் போட்டிருந்தது தூக்கு வரக்கூடிய பிரிவே இல்லை. அதைச் சொன்னேன், பாட்டி நம்பவில்லை. டிவியில் எல்லாரும் தூக்கு தூக்கு என்று கத்துவதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். நாம் முகநூலில் போடும் சத்தம் போய்ச் சேருகிற இடம் இதுதான். குற்றவாளி பயப்படுகிறானோ இல்லையோ, குடும்பம் பயந்து வாயை மூடிக்கொள்கிறது. குழந்தைக்கும் அந்தப் பயத்தைக் கடத்துகிறார்கள்: நீ சொன்னால் பெரியப்பா செத்துப்போவார், பாட்டி செத்துப்போவாள். அந்தக் குழந்தையின் அப்பாவுக்கு வேலையே அண்ணனின் லேத் பட்டறையில்தான். வழக்கு போட்ட மறுநாள் வருமானம் நின்றது. இடைக்கால இழப்பீடு என்று ஒன்று விதிகளில் இருக்கிறது, சிறப்பு நீதிமன்றமே உத்தரவு போடலாம். அது கைக்கு வருவதற்குள் வாடகை பாக்கி ஏறி, அந்தக் குடும்பம் வீடு மாறிவிட்டது.

சாட்சி சொல்லும் நாளும் வந்தது. அதற்கு முன்னால் எத்தனை தடவை வந்து, எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று திரும்பிப் போனோம் என்பதை விடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படக் கூடாது என்பதற்கு அந்தக் கோர்ட்டில் இருந்த ஏற்பாடு, ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலை மறைக்க வைப்பார்களே, சக்கரம் வைத்த பச்சைத் துணித் திரை, அதுதான். தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் இடைவெளி. பெரியப்பாவின் கால் பாதம் இரண்டும் நன்றாகத் தெரிந்தன. குழந்தை கேள்விக்குப் பதில் சொல்லும் நேரம் முழுக்க அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் அவர் ஒருமுறை செருமினார். அவ்வளவுதான், குழந்தை நிறுத்திவிட்டது. நீதிபதி நல்ல மனுஷி, தண்ணி கொடுக்கச் சொல்லி, பத்து நிமிஷம் விட்டு, திரையை நகர்த்தச் சொல்லி மறுபடி கேட்டார். முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு வெளியே வந்து, "மிஸ், இனிமே யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்ல?" என்றது.

அடுத்த வாய்தாவில் அதன் அம்மா கூண்டில் ஏறி, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். பிறழ் சாட்சி, அதாவது முன்பு சொன்னதிலிருந்து மாறிவிட்டவர் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் மானம் போகும் என்று மறைக்கிறார்கள் என்றால், பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் குறையும் என்று மறைக்கிறார்கள். குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாதவர் யாராக இருந்தாலும் போக்சோவில் ஆறு மாதம் வரை உள்ளே போகலாம், நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு. 2021-இல் கோவையில் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொண்ட வழக்கில், ஆசிரியரோடு, தெரிந்தும் புகார் செய்யவில்லை என்று பள்ளி முதல்வரும் கைதானார். மூன்று வருஷம் கழித்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி. தேசிய மாணவர் படைக்கு (என்சிசி) சம்பந்தமே இல்லாத ஒரு ஆள் பயிற்சியாளர் என்று சொல்லி முகாம் நடத்தியிருக்கிறார், ஒரு அடையாள அட்டையைக்கூட யாரும் சரிபார்க்கவில்லை. பிள்ளைகளை ராத்திரி பள்ளியிலேயே தங்க வைத்திருக்கிறார்கள். சிறுமி சொன்ன பிறகும் விஷயத்தை மறைத்ததாக முதல்வரும் தாளாளரும் கைது. கோவைக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் எத்தனை சுற்றறிக்கை போயிருக்கும்! ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் 1098, 14417 என்று உதவி எண்களை எழுதியாயிற்று. ஆனால் டீச்சரிடம் ஒரு குழந்தை வந்து சொன்னால் அந்த டீச்சர் முதலில் யோசிப்பது, இதை வெளியே சொன்னால் தன் வேலை நிலைக்குமா என்றுதான்.

வீடும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம், அரசு பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் விடலாம் என்பவர்கள் பீகார் முசாஃபர்பூரை ஒருமுறை படியுங்கள். அரசு நிதியில் நடந்த காப்பகம். டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு ஆய்வுக்குப் போனதால்தான் அங்கே சிறுமிகளுக்கு நடந்தது 2018-இல் வெளியே வந்தது. 2020-இல் டெல்லி நீதிமன்றம் தண்டித்தவர்களில் அந்த மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் முன்னாள் தலைவரும், குழு உறுப்பினரும், குழந்தைப் பாதுகாப்பு அதிகாரியும் இருந்தார்கள். ஆய்வு செய்ய வேண்டியவர்கள்!

நலக்குழு என்பது தலைவர் ஒருவர், உறுப்பினர் நாலு பேர், மாதத்தில் குறைந்தது 20 நாள் அமர்வு. மூன்று வருஷம்தான் பதவிக்காலம், முடியும் தேதி நியமிக்கிற அன்றைக்கே தெரியும். இருந்தும் காலம் முடிந்து புதுக் குழு வருவதற்குள் பக்கத்து மாவட்டக் குழுவுக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்து ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தையை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் இரண்டு மணி நேரம் அங்கே போகணும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருப்பவர்கள் பெரும்பாலும் தொகுப்பூதிய ஒப்பந்தப் பணியாளர்கள். குழந்தைத் திருமணம் நிறுத்தப் போவதும் அவர்களே, பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கும் பையனை மீட்பதும் அவர்களே, காப்பகங்களைச் சோதிப்பதும் அவர்களே. 1996-இல் மும்பையில் ஆரம்பித்த குழந்தைகள் உதவி எண் 1098-ஐ 2023-இல் அரசே நேரடியாக எடுத்துக்கொண்டது. போனை எடுக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. போனை வைத்த பிறகு அந்த ஊருக்குக் கிளம்பிப் போக ஆள் இருக்கணுமே.

அதனால் கமெண்டில் தூக்கு பற்றி எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை? நலக்குழு முழுதாக இருக்கிறதா, போன வருஷம் எத்தனை நாள் கூடியது? எத்தனை போக்சோ வழக்குகளில் ஆதரவு நபரை நியமித்தார்கள்? இடைக்கால இழப்பீடு எத்தனை குழந்தைகளுக்கு, எத்தனை நாளில் கிடைத்தது? குழந்தைகளின் பெயரோ விவரமோ எதையும் கேட்காதீர்கள், எண்ணிக்கை மட்டும் போதும். மாதிரி மனு என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் இன்பாக்ஸில் வாங்க. பதில் வந்தால் மாவட்டத்தின் பெயர் போட்டு உங்கள் பக்கத்தில் போடுங்கள், என்னையும் டேக் பண்ணுங்கள். தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கையில் ஒரு காகிதமாவது வைத்துக்கொண்டு பேசலாம்.