தினமும் படம் எடுக்கச் சட்டமா? அப்படி எதுவும் இல்லை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வாட்சாப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: “மலேசியர் எல்லாரும் தினமும் ஒரு படம் எடுத்து இந்த இணைப்பில் ஏற்ற வேண்டும். தவறினால் அபராதம்.” பொய். ஒரு மசோதா மக்களவை, மேலவை இரண்டையும் தாண்டி, மாமன்னர் ஒப்புதல் பெற்று, கெஜட் எனும் அரசிதழில் வந்தால்தான் சட்டம்.

அடையாளக் கார்டுக்குப் படம் கட்டாயம்தான். 12 வயதில் ஒருமுறை, 18 ஆனதும் மறுபடி. அதையும் தேசியப் பதிவிலாகா முகப்பிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

எனக்குக் கவலை அந்த இணைப்புதான். முகப்படத்தோடு ஐசி (அடையாளக் கார்டு) எண், வங்கிக் கணக்கு எண் வரை கேட்கிறது. வயதானவர்கள் அபராதம் என்றதுமே பயந்து நிரப்பிவிடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்தாயிற்றா? சரி, தாமதிக்காமல் வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு உடனே அழையுங்கள்.