இரண்டு அறை, ஒன்பது பேர், அக்கா

"இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம், அந்தச் சந்தோசம் இன்றைய பெரிய வீடுகளில் இல்லை" என்ற வகைப் பதிவுகளை அண்மைக்காலமாக நம்மவர்கள் நிறைய எழுதுகிறார்கள். அப்படியொரு வீட்டில் வளர்ந்தவன் என்ற முறையில், அந்த நினைவுகளில் வசதியாக விடுபட்டுப்போகும் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

1992-இல் கனடாவின் ரொறன்ரோவுக்கு வந்த நாங்கள் குடியேறியது சென் ஜேம்ஸ் ரவுனில். பார்லிமென்ட் வீதிக்கு அருகே நெருக்கியடித்து நிற்கும் அந்த அடுக்குமாடிகள் 1960-களில், வேலைக்குப் போகும் இளம் தனியாட்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. அங்கே அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி, அம்மம்மா, சித்தப்பா, இரண்டு மாமாமார். வாடகை ஒப்பந்தத்தில் இருந்தவை ஐந்து பெயர்கள். கட்டட மேற்பார்வையாளர் கதவைத் தட்டும்போதெல்லாம் மற்ற நால்வரும் முதல்நாள்தான் வந்த விருந்தாளிகள். பெரிய மாமா எழும்பிய மெத்தையில், சூடு ஆறுமுன்பே, உணவகத்தில் இரவு வேலை முடித்து வந்த சித்தப்பா படுப்பார். நான்கு சம்பளங்கள் வாடகையைப் பகிர்ந்ததால்தான் சீட்டுக் கட்டவும், ஊரில் இருந்தவர்களுக்குக் காசு அனுப்பவும் முடிந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

கனடாவில் 'தேசிய வசிப்பிட அளவுகோல்' என்று ஒன்று இருக்கிறது. அதன்படி தம்பதியர் ஓர் அறையில் இருக்கலாம். பதினெட்டு வயதைக் கடந்த தனியாள் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை வேண்டும். ஐந்து வயதைத் தாண்டிய ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஓர் அறையைப் பகிரக்கூடாது. எங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஏழு படுக்கையறைகள் வேண்டும்! அப்படியொரு வீட்டுக்கு அப்பா எங்கே போவார் என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்தக் கணக்கில் பதினைந்து வயது அக்காவுக்கென்று ஓர் அறை இருந்தது; எங்கள் ஒன்பது பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மாமாமார் ஹோலில் சீட்டு விளையாடும் இரவுகளில் அக்கா கீழ்த்தளத்து லோன்றி அறைக்குப் புத்தகங்களோடு இறங்கிவிடுவார். உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலில் மனிதப் பேச்சு இல்லை, குளிர்காலத்தில் வெதுவெதுப்பும் உண்டு. உடுப்பு மாற்றுவதற்குக் குளியலறை வரிசையில் நிற்க வேண்டும். அம்மம்மாவுக்கு இருமல் கூடிய இரவுகளில் பக்கத்தில் விழித்திருந்தவரும் அவரே. எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபின் அம்மாவும் அவரும் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டதை, கூடிவாழ்ந்த பெருமையை எழுதும் ஆண்கள் (இதுவரை நானும் அவர்களில் ஒருவன்) யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

இப்போது ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் அக்காவுக்கு நான்கு அறை வீடு. அதில் ஓர் அறையில் கட்டில் கிடையாது. ஒரு மேசையும் கதிரையும், கதவின் உட்பக்கம் ஒரு பூட்டும் மட்டுமே. எத்தனை விருந்தினர் வந்தாலும் அந்த அறையை அவர் படுக்கக் கொடுப்பதில்லை.