ஒரு டிலே எஃபெக்டுக்கு இவ்வளவு பாடா?

எதிரொலி போல ஒலியைத் தாமதமாகத் திரும்பக் கேட்க வைக்கும் டிலே எஃபெக்டை நானே நிரலாக எழுதிப் பார்த்தேன். அதன் கணக்கு ரொம்பச் சின்னது. வரும் ஒலியை பஃபரில் (தற்காலிக நினைவிடம்) எழுதி, கொஞ்சம் தள்ளிப் படித்து, அசலோடு கூட்ட வேண்டும். பத்து வரி போதும். ஆனால் அதற்குள் கம்பைலர், சிமேக் (நிரலைக் கட்டித் தரும் கருவி), இசை மென்பொருளில் செருகுவதற்கான பிளகின் வடிவம் என்று லீவு நாளே போய்விடுகிறது.

சரி, ஓடிவிட்டதே என்று வால்யூம் குமிழைத் திருகினால் சரசரவென்று சத்தம். ஒலி சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் நிரலுக்கு வருகிறது; அந்தத் துண்டுக்கும் பஃபர் என்றுதான் பெயர். குமிழின் மதிப்பு பஃபருக்கு பஃபர் தாவுகிறது. அதை சாம்பிளுக்கு சாம்பிள் (ஒலியின் ஒவ்வொரு அளவீட்டுக்கும்) மெல்ல நகர்த்த வேண்டுமாம். நான் பார்த்த எந்தப் பாடமும் இதை முதலில் சொல்லவில்லை. இன்னொன்று: 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிளில், 64 சாம்பிள் பஃபர் என்றால் ஒவ்வொரு பஃபரையும் முடிக்கக் கையில் இருப்பது 1.33 மில்லி விநாடிதான். அதற்குள் புதிதாக மெமரி கேட்கக் கூடாது, லாக் போட்டு, நிரலின் இன்னொரு பகுதி முடிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் பக்கத்தில் வர வேண்டிய விஷயம் இது! பாடம் எழுதுபவர்களோ சைன் அலையை ஒலிக்க வைத்துவிட்டு, அடுத்த பாடத்திலேயே முழு சிந்தசைசருக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் இருப்பதை யாரிடம் போய்க் கேட்பது?