260 படம் என்பது இரண்டு மணி நேர வீடியோ அல்ல

மேலே ஒரு நண்பர், "ஆர்எக்ஸ்100 மார்க் 7 கேமராவுக்கு ஒரு சார்ஜில் 260 படம் என்று சோனியே சொல்கிறது. 30 வினாடிக்கு ஒரு படம் என்றால் 130 நிமிடம். முக்கால் மணியில் வீடியோ நின்றால் பேட்டரி டூப்ளிகேட்தான், மாற்றுங்கள்" என்று எழுதியிருக்கிறார். கணக்கு சரி, பொருத்திய இடம் தப்பு. வீணாகக் காசு போகுமே என்றுதான் எழுதுகிறேன்.

அந்த 260, சிபா என்ற ஜப்பானிய அமைப்பின் சோதனை முறைப்படி வருவது. அரை நிமிடத்துக்கு ஒரு முறை கிளிக், பாதிப் படங்களுக்கு ஃபிளாஷ், இடையிடையே அணைத்துப் போடுவது. எல்லாமே ஸ்டில் படத்துக்கான கணக்கு. வீடியோவில், படம் பிடிக்கும் சென்சாருக்கு மூச்சுவிட நேரமே கிடையாது. நொடிக்கு 25, 30 ஃபிரேம் படித்து அங்கேயே சுருக்கி கார்டில் எழுத வேண்டும். ஃபோகஸ், கை ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி, திரை எல்லாம் கூடவே ஓடும். 4கே என்றால் கையில் பிடிக்கும்போதே சூடு தெரியும்.

பேட்டரியோ தீப்பெட்டி அளவு; அதில் நிற்கும் சார்ஜ் 1240 எம்ஏஎச், ஏறக்குறைய 4.5 வாட் அவர். அதில் முக்கால் மணி ஓடினால் பேட்டரி நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

மேனுவலில் வீடியோவுக்குத் தனியாக இரண்டு எண் இருக்கும். நிறுத்தாமல் எடுத்தால் வருவது பெரிய எண்; அதை விடுங்கள். நிறுத்தி, ஜூம் செய்து, அணைத்துப் போட்டு எடுக்கிற சின்ன எண்தான் ஊர் சுற்றுகிறவனுக்கு. என் கேமராவில் அதுகூட வருவதில்லை. பஸ் ஜன்னலோரம் "இதோ மலை வரும்" என்று திரையை எரியவிட்டே உட்கார்ந்திருப்பேன், பாதி சார்ஜ் அங்கேயே போய்விடும்.

கூடுதலாக ஒரு பேட்டரி வாங்குங்கள். இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள்.