அம்புக்குறியின் பின்னால் வண்டியை விடாதீர்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரின் கிழக்கிலும் தெற்கிலும் பரந்து கிடக்கும் ஜாரா என்ற யூகலிப்டஸ் வகை மரக் காடுகளின் மண்பாதைகளில் மோட்டார் சைக்கிளில் சென்று ஜியோகேச் (ஜிபிஎஸ் கருவியைக் கொண்டு தேடும், யாரோ ஒளித்துவைத்த பெட்டி; சுருக்கமாகக் கேச்) தேடுவது எனக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்கு. அந்த உரிமையோடு இதைச் சொல்கிறேன்: வண்டி பாதையிலேயே நிற்க வேண்டும். கேச் எவ்வளவு தள்ளி இருந்தாலும் மீதித் தொலைவை நடந்தே கடக்க வேண்டும். பாதையை விட்டு வண்டியை மரங்களுக்கு நடுவே இறக்கும் பழக்கம் நம்மிடையே இயல்பாகிக்கொண்டு வருவதால் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே புகுத்தி வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதனால் எவரும் இடத்தைத் துல்லியமாகக் கண்டறிய முடிந்தது. உடனே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியில் பதிவேடும் சில பொருள்களும் வைத்து, அதைப் பாதி மண்ணுக்குள் புதைத்து, இருப்பிட எண்களை இணையத்தில் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு, ஏதாவது எடுத்தால் ஈடாக ஏதாவது வைக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. இன்று உலகெங்கும் லட்சக்கணக்கில் கேச்சுகள் இருக்கின்றன. ஆனால் அன்று செய்தது போல, நில உரிமையாளரின் அனுமதியின்றி மண்ணைத் தோண்டிப் புதைக்க இன்றைய விதிகள் இடம்கொடுப்பதில்லை. நிலத்துக்குக் கேடு வரக் கூடாது என்பதற்காக இந்த விளையாட்டு முன்பே ஒருமுறை தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது.

ஜாரா காட்டுப் பாதைகளில் வண்டி ஓட்டுவது தனி அனுபவம். அங்கே தரையெங்கும் செம்புரைக்கல் சிதைந்து உருவான சிறு உருண்டைச் சரளை பரவியிருக்கும். பட்டாணியைக் கொட்டிய தரையில் நடப்பது போலச் சக்கரம் வழுக்கும். கால்தாங்கியில் எழுந்து நின்று, ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்து, முன் பிரேக்கைப் பட்டென்று அழுத்தாமல் ஓட்டப் பழகியவருக்கே அந்தப் பாதை இணங்கும். ஊர்தி கிடைக்காத ஒருவர் நடந்தே போனால் ஒரு நாளில் எட்ட முடியாத இடங்களை மோட்டார் சைக்கிள் எட்டவைக்கிறது என்பதில் எனக்கு இன்றும் வியப்பு உண்டு.

சிக்கல் கருவியின் இயல்பில் இருக்கிறது. ஜிபிஎஸ் அம்புக்குறி எப்போதும் நேர்கோட்டைத்தான் காட்டும்; பாதை வளைந்து போவது அதற்குத் தெரியாது. இலக்கு 300 மீட்டர் தொலைவில், காட்டுக்கு நடுவே என்று திரை சொல்லும்போது காரில் வந்தவர் வேறு வழியின்றி இறங்கி நடப்பார். மரங்களின் இடுக்கில் நுழைந்துபோகக்கூடிய ஊர்தி நம்முடையது மட்டுமே. ஒருவர் உள்ளே விட்ட தடத்தை அடுத்து வருபவர் பாதை என்று நம்பிப் பின்தொடர்கிறார். சில பருவங்களுக்குள், வரைபடத்தில் இல்லாத பாதை ஒன்று காட்டில் உருவாகிவிடுகிறது.

இந்தக் காட்டில் அதன் விலை மிகவும் பெரிது. 'பைட்டோஃப்தோரா சின்னமோமி' என்ற நுண்ணுயிர் இங்கே மண்ணில் வாழ்ந்து வேர்களை அழுகவைக்கிறது. 1922இல் சுமத்ராவின் இலவங்கப்பட்டை மரங்களில் முதலில் அடையாளம் காணப்பட்ட அது, மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. ஜாரா மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போவதற்கு அதுவே காரணம் என்பது 1960களில்தான் உறுதியானது. இங்குள்ளவர்கள் இந்நோயை 'டைபேக்' என்கிறார்கள். தென்மேற்குப் பகுதியின் தாவர இனங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு இதற்கு ஆட்படக்கூடியவை. பாங்க்சியா என்ற பூக்கும் தாவரங்களும் புல்மரங்களும் முதலில் போகும். பாஸ்பைட் மருந்து நோயின் வேகத்தைத் தணிக்கும். மண்ணிலிருந்து அதை ஒழிக்க வழியில்லை. தானாக மேட்டுநிலத்தை நோக்கி வேர்வழியாகப் பரவும்போது ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர்தான் நகர்கிறது. டயரின் கட்டைகளுக்கிடையே ஒட்டிய ஈர மண்ணிலோ ஒரே பிற்பகலில் பல கிலோமீட்டர் கடந்துவிடுகிறது. மட்கார்டின் உட்புறத்தில் அப்பிய ஒரு பிடி சேறே ஒரு சரிவு முழுவதையும் நோய்க்குக் கொடுக்கப் போதும்.

"சுரங்க வேலைகளும் தீயணைப்பு வண்டிகளும் செய்யாததையா நாம் செய்துவிட்டோம்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பாக்சைட் சுரங்கங்கள் இந்தக் காட்டுக்குச் செய்திருக்கும் அழிவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதை எதிர்த்துப் பேசுபவர்கள் பக்கமே நிற்கிறேன். ஆனாலும் அவர்களுடைய தடம் நம்முடைய சேற்றைச் சுத்தமாக்கிவிடாது. அவர்கள் தொடாத சரிவுகளைத் தேடித்தானே நாம் போகிறோம்? நோய் இன்னும் எட்டாத இடங்களும் பெரும்பாலும் அவைதாம்.

ஆகவே காட்டுக்குள் நுழையும் முன்பே வண்டி சுத்தமாக இருக்க வேண்டும். முதலில் காய்ந்த மண்ணைத் தூரிகையால் தட்டிவிட்டு, பிறகு டயர், செயின் பகுதி, அடித்தகடு, பூட்ஸின் அடிப்பாகம் ஆகியவற்றில் கிருமியைக் கொல்லும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் (எரிசாராயம்) கலவையைத் தெளிப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். மழைக்காலத்தில் ஈர மண்பாதைகளை விட்டுவிடுவது அதைவிட நல்லது. நோய் அபாயப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்குள் அனுமதியின்றி ஊர்தி கொண்டுபோவது சட்டப்படியே குற்றம். பெர்த் நகருக்குக் குடிநீர் தரும் அணைகளைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வளையங்களுக்கும், நடப்பவர்களுக்கென்றே அமைந்த பிபுல்மன் தடத்துக்கும், மிதிவண்டிகளுக்கான முண்டா பிட்டி தடத்துக்கும் மோட்டார் சைக்கிள் போகவே கூடாது. அந்தத் தடங்களில் எத்தனை நல்ல கேச்சுகள் இருந்தாலும் அவற்றை நடந்தோ மிதித்தோதான் தேட வேண்டும்.

தேடுபவர்களைவிட ஒளித்துவைப்பவர்களிடம்தான் எனக்குக் கூடுதல் எதிர்பார்ப்பு. ஒவ்வொரு கேச்சுக்கும் உள்ள இணையப் பக்கத்தில் வண்டி நிறுத்துமிடத்தைத் தனிப் புள்ளியாகத் தர வசதி இருக்கிறது. சில பருவங்களில் மட்டுமே போகலாம் என்று குறிக்கவும் அடையாளம் இருக்கிறது. பலர் இரண்டையும் காலியாக விட்டுவிடுகிறார்கள். வருபவருக்கு அம்புக்குறியைத் தவிர வேறு வழிகாட்டுதல் எதுவும் இல்லை. இந்தக் காட்டிலுள்ள டுவெலிங்கப், ஜாராடேல் ஊர்களின் அருகே புதிதாகக் கேச் வைக்க நினைப்பவர்கள், போடப்பட்ட சரளைச் சாலையிலிருந்து சிறிது நடந்தால் எட்டும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, நிறுத்துமிடத்தையும் நடக்க வேண்டிய திசையையும் விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். ஏற்கனவே வைத்தவற்றைச் சுற்றிச் சக்கரத் தடம் விழுந்திருந்தால், அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு அதன் இணையப் பக்கத்தையும் மூடிவிடுங்கள்.