இல்லாத கேமராவுக்கு வாங்கிய லஞ்சம்

ராணுவத் தளவாட ஊழல் என்றால் எல்லாரும் போபர்ஸைத்தான் பேசுகிறார்கள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது 2001 மார்ச்சில் தெஹல்கா என்ற செய்தி இணையதளம் வெளியிட்ட வீடியோக்களை நினைத்துத்தான்.

'வெஸ்ட் எண்ட்' என்ற லண்டன் கம்பெனியின் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு தெஹல்கா பத்திரிகையாளர்கள் டெல்லியில் படியேறினார்கள். அப்படியொரு கம்பெனியே கிடையாது. விற்க வந்ததாகச் சொன்னது, உடல் சூட்டை வைத்து இருட்டில் ஆளைக் காட்டும் தெர்மல் கேமரா. அதுவும் அவர்களிடம் இல்லை. கையில் இருந்தது ரூபாய்க் கட்டும், ஒளித்து வைத்த வீடியோ கேமராவும். அதை வைத்தே சாதாரண அலுவலக ஊழியரில் தொடங்கி பிரிகேடியர், மேஜர் ஜெனரல் வரை போய்விட்டார்கள். ஆளுங்கட்சியான பாஜகவின் தலைவர் பங்காரு லட்சுமணன் ஒரு லட்சத்தை வாங்கி மேசை டிராயரில் போட்டதை நாடே பார்த்தது.

கார்கில் முடிந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

எங்கள் பெரியப்பா மிலிட்டரிக்காரர். ஜம்மு பக்கம் ராத்திரி சென்ட்ரி நின்றதைப் பற்றிச் சொல்வார்: "நிலா இல்லாத அன்னிக்குப் புதர் அசைஞ்சாலும் ஆளு மாதிரியே தெரியும்டா. சுடவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது." அந்த இருட்டில் நிற்கிற பையனுக்காக வாங்க வேண்டிய கருவி அது. அதற்குத்தான் டெல்லியில் கை நீட்டினார்கள். கருவி வேலை செய்யுமா என்பதைவிட நமக்கு எவ்வளவு என்பதே பெரிதாகிவிட்டால், எல்லைக்குப் போய்ச் சேருவது எந்தக் குப்பையாகவும் இருக்கலாம்.

அதிகாரிகளிடம் பெண்களை அனுப்பியதை அந்தப் பத்திரிகையாளர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். அதை நான் ஏற்கவே மாட்டேன். ஆனால் பணம் வாங்கிய கைகளை அது கழுவிவிடாது.

ராணுவ நீதிமன்றம் சில அதிகாரிகளைத் தண்டித்தது. பங்காரு லட்சுமணனுக்கு நான்காண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது 2012-ல். அப்போது சமதா கட்சித் தலைவராக இருந்த ஜெயா ஜேட்லி உள்ளிட்ட மூவர் மீதான தீர்ப்பு 2020-ல்; தண்டனை அறிவித்த அன்றைக்கே உயர் நீதிமன்றம் ஜெயா ஜேட்லியின் தண்டனையை நிறுத்தி வைத்தது. 19 வருஷம்!

படம் பிடித்தவர்கள் விஷயத்தில் மட்டும் அரசாங்கம் இப்படி ஆற அமர நடக்கவில்லை. தெஹல்காவில் முதலீடு செய்தவர் மேல் ரெய்டு, கைது. விசாரணை ஆணையத்தில் நிருபர்களையே துளைத்தெடுத்தார்கள். சம்பளம் கொடுக்க வழியில்லாமல் அந்த அலுவலகம் சில வருஷத்திலேயே கிட்டத்தட்டக் காலியானது. லஞ்சம் வாங்கியவர் வழக்கோ 11 வருஷம் ஊர்ந்துகொண்டிருந்தது.